பி.டி. பருத்தி வறட்சியைத் தாங்குமா? விதை வாங்கும் முன் அறிய வேண்டியவை

நாம் உடுத்தும் கைலி முதல் ஜனாஸாவுக்கு வாங்கும் கஃபன் துணி வரை பருத்தி நம் வாழ்வோடு கலந்தது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரங்களில் அதைப் பயிரிடுவோரும் உண்டு. ஏலத்தில் எடுத்து வியாபாரம் செய்வோரும் உண்டு. விதைப்புக் காலம் வந்தால், "இது பி.டி. விதை, தண்ணீர் குறைந்தாலும் தாங்கும், பஞ்சும் நீளமாக வரும்" என்ற பேச்சைக் கேட்கிறோம். இதில் எது உண்மை?

பி.டி. செய்யும் வேலை என்ன?

மண்ணில் வாழும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணுவைப் பருத்தியில் சேர்த்ததே பி.டி. பருத்தி. செடியில் உருவாகும் புரதம் காய்ப்புழுவின் குடலைத் தாக்கி அதைக் கொல்கிறது. 2002 மார்ச் 26 அன்று மத்திய அரசின் ஒப்புதல் குழு மூன்று பி.டி. வீரிய ஒட்டு ரகங்களை அனுமதித்தது. நம் அருகிலுள்ள ஆத்தூரின் ராசி நிறுவனத்தின் ஆர்.சி.எச்.-2 பி.டி. ரகத்துக்கு 2004-ல் ஒப்புதல் கிடைத்தது. இரண்டு மரபணுக்கள் கொண்ட பி.டி. 2006-ல் வந்தது.

இந்த இரண்டு மரபணுக்களும் புழுவுக்கானவை மட்டுமே. வறட்சியைத் தாங்கவோ, இழையை நீளமாக்கவோ அவற்றில் எதுவும் இல்லை. வெள்ளை ஈ, தத்துப்பூச்சி போன்ற சாறு உறிஞ்சும் பூச்சிகளையும் அவை தடுக்காது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் மரபணுவுக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டதாக 2010-ல் குஜராத்திலிருந்து அறிவிப்பு வந்தது. பின்னர் இரண்டாவதுக்கும் பழகிக்கொண்டது.

வறட்சி இழையை என்ன செய்கிறது?

பஞ்சின் ஒவ்வொரு இழையும் விதைத்தோலிலிருந்து வளரும் ஒரே ஒரு செல். பூ மலர்ந்த பின் ஏறக்குறைய மூன்று வாரங்கள் அது நீள்கிறது. பிறகு உட்சுவரில் செல்லுலோஸ் படிந்து வலுப்பெறுகிறது. முதல் கட்டத்தில் தண்ணீர் குறைந்தால் இழை குட்டையாகும். அடுத்த கட்டத்தில் குறைந்தால் முதிராத, வலுவற்ற பஞ்சாகும். ஏலத்தில் விலை இறங்க இதுவும் ஒரு காரணம்.

நீள இழை எப்படி வந்தது?

மரபணு மாற்றத்தால் அல்ல, ஒட்டுச் சேர்க்கையால். கோவையில் சுஜாதா, செயின்ட் வின்சென்ட் ஆகிய இரண்டையும் இணைத்து 1974-ல் உருவான சுவின், உலகத் தரமான மிக நீள இழைப் பருத்தி. ஆத்தூர்ப் பகுதியும் அதற்குப் பெயர் பெற்றது. நம் ஏலங்களில் கூடுதல் விலை பெறும் டி.சி.எச். வகை தார்வாடில் உருவானது. வறட்சியை ஓரளவு தாங்கும் எல்.ஆர்.ஏ. 5166, நல்ல இழை தரும் சுரபி ஆகியவை மத்திய பருத்தி ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவை நிலையம் தந்தவை.

ஆய்வில் இருப்பவை

அமெரிக்காவின் டெக்சாஸில், அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியின் மரபணுவைப் பெற்ற பருத்தி, வறட்சியில் கூடுதல் விளைச்சல் தந்ததாகவும் உப்பையும் தாங்கியதாகவும் 2011-ல் ஆய்வு வெளியானது. அதே ஆண்டு சீன ஆய்வாளர்கள், விதைத்தோலில் வளர்ச்சி ஊக்கியைக் கூட்டி இழையின் அளவையும் மென்மையையும் உயர்த்தினர். உஸ்பெகிஸ்தான் ஆய்வாளர்கள், வெளிச்சத்தை உணரும் ஒரு மரபணுவின் செயலை அடக்கி நீளமான இழை பெற்றதை 2014-ல் வெளியிட்டனர். இவற்றில் எதற்கும் இந்தியாவில் சாகுபடி அனுமதி இல்லை. எனவே, "வறட்சி மரபணு விதை" என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

• விதை மானாவாரிக்கா, இறவைக்கா, எத்தனை நாள் பயிர், இழை நீளம் எவ்வளவு என்று கேட்டு வாங்குவோம்.

• ரசீது இல்லாத விதை வேண்டாம். களைக்கொல்லி தாங்கும் பருத்தி என்று மறைவாக விற்பது அனுமதி பெறாதது. பயிர் பொய்த்தால் யாரிடமும் முறையிட வழியிருக்காது.

• பூப்பிடித்த பின்னான வாரங்களுக்கென்று கிணற்றுத் தண்ணீரைச் சேமித்து வைப்போம்.

• அறுவடை முடிந்ததும் செடியை அகற்றுவோம். நிற்கும் காய்களில்தான் புழு அடுத்த பருவத்துக்குத் தங்குகிறது.

• கொட்டுப் பருத்தியை நல்ல பஞ்சோடு கலக்காமல் தனி மூட்டையாகக் கொண்டு செல்வோம்.

கடன் வாங்கி விதைக்கும் குடும்பத்துக்கு ஒரு பாக்கெட் விதை என்பது ஒரு வருட வாழ்வு. உறையில் எழுதியிருப்பதைப் படித்து, கேட்டுத் தெளிந்த பிறகே பணத்தைக் கொடுப்போம்.