கம்பியில் சுட்ட இறைச்சியும் கருவைக் கரியும்: நரிக்குடிச் சீமையிலிருந்து ஒரு வரலாற்றாய்வு

மூங்கில் குச்சியில் கோத்த கோழித் துண்டுகளைக் கரித்தணலில் வாட்டித் தரும் ஜப்பானியக் கடைகளை யாக்கிதோரிக் கடைகள் என்பார்கள். அங்கே அடுப்பு குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும். இறைச்சி தணலுக்கு மேலும் குச்சியின் பிடி அடுப்புக்கு வெளியிலும் நிற்க அந்த அளவுதான் வசதி. சாப்பிட வந்தவர் அடுப்புக்கு எதிரிலேயே உட்காருகிறார். உப்பு மட்டும் போதுமா, தாரே எனும் இனிப்புச் சோயாச் சாறு தடவ வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு, தொடை, தோல், ஈரல், இதயம், இரைப்பை என ஒவ்வொரு குச்சியாகச் சுட்டுத் தருகிறார்கள். மசாலா என்று சொல்லத்தக்கது ஏதும் கிடையாது. அதனால் அடுப்பில் இருக்கும் கரி நல்லதா கெட்டதா என்பது முதல் கடியிலேயே தெரிந்துவிடும்.

இந்த உணவின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் பறவையிலிருந்து தொடங்கினார்கள். கரியிலிருந்து தொடங்கினால், அந்த வரலாறு விருதுநகர் மாவட்டத்து நரிக்குடி வரை நீளும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பறவையின் கதையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 675-இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சியை ஆண்டின் ஒரு பகுதியில் உண்ணத் தடை விதித்தார். காட்டுப் பறவைகள் அந்தப் பட்டியலில் இல்லை. 1643-இல் வெளியான ‘ரியோரி மோனொகாதாரி’ என்ற சமையல் நூலில் பறவைகளைச் சுட்டுச் சமைக்கும் முறை இடம்பெறுகிறது. மெய்ஜி காலத்தில், பெரிய கோழி உணவகங்கள் கழித்த துண்டுதுணுக்குகளை வாங்கிக் குச்சியில் கோத்துச் சுட்டு விற்கும் தள்ளுவண்டிகள் தோன்றின. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டோக்கியோவின் ஷின்ஜுகு கள்ளச்சந்தைச் சந்துகளில், கட்டுப்பாட்டுப் பட்டியலில் வராத குடலும் ஈரலும்தான் குச்சியேறின. 1960-களில் பிராய்லர் கோழி பெருகி விலை இறங்கியதும், அலுவலகம் விட்டு வீடு திரும்புகிறவர்களின் மாலை உணவாக யாக்கிதோரி நிலைபெற்றது. ஆக, ஏழையின் கழிவிறைச்சியில் பிறந்த உணவு இது.

கம்பியில் கோத்துச் சுடுவது தமிழருக்கு இரவல் பழக்கம் இல்லை. பத்துப்பாட்டில் ஒன்றான பொருநராற்றுப்படையை முடத்தாமக் கண்ணியார் கரிகால் வளவன் மீது பாடினார். அரசன் அளித்த விருந்தில் இரும்புக் கம்பியில் சுட்ட கொழுத்த இறைச்சி வருகிறது. சூடு தாங்காமல் அதை வாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஒற்றித் தின்ற பொருநனையும் அதில் காண்கிறோம். சுட்ட கறியைச் சூடு ஆறும் முன் உண்ண வேண்டும் என்பதை இவ்வளவு துல்லியமாகப் பதிந்த வேறொரு பழம்பாடலை நான் அறியேன். 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் வந்த ‘மானசோல்லாசம்’ என்ற வடமொழி நூலும் கம்பியில் கோத்துச் சுடும் இறைச்சியை விவரிக்கிறது. பிற்கால வீட்டுச் சமையலில் குழம்பும் வறுவலும் மேலோங்கின. ஆனாலும் தணலில் சுடும் முறை அறுபட்டுப் போகவில்லை. ஆட்டின் சுவரொட்டியைக் கம்பியிலோ குச்சியிலோ குத்தித் தணலில் வாட்டி, ரத்தம் ஊறும் என்று சொல்லிப் பிள்ளைகளுக்கும் பிள்ளை பெற்ற பெண்களுக்கும் கொடுப்பது தென்மாவட்ட வீடுகளில் இன்றும் உள்ள வழக்கம். ஷின்ஜுகு சந்தில் விற்றதும் இதுபோன்ற உறுப்புக் கறிதான்.

இனி கரிக்கு வருவோம். யாக்கிதோரிக் கடைகள் மிக உயர்வாகக் கருதுவது பின்சோதான் கரி. வாகயாமா பகுதியில் வளரும் உபமே என்ற கருவாலி மரத்திலிருந்து அது செய்யப்படுகிறது. கென்ரோக்கு காலத்தில், அதாவது 1688-க்கும் 1704-க்கும் இடையில், தனாபே ஊர் வணிகர் பித்சூயா சோசாயேமோன் அதை விற்றார். அவர் பெயரே கரிக்கும் நிலைத்தது. செய்முறையின் உயிர்நிலை கடைசிக் கட்டத்தில் இருக்கிறது. பல நாள் மெல்லக் கருகிய மரத்துக்கு இறுதியில் காற்றைத் திறந்துவிட்டு, வெப்பத்தை 1,000 பாகை செல்சியசுக்கு மேல் ஏற்றுகிறார்கள். செந்தணலாக வெளியே இழுத்து, ஈரமான சாம்பலும் மண்ணும் போட்டு மூடி அணைக்கிறார்கள். மேலே வெண்சாம்பல் படிவதால் அது வெள்ளைக் கரி. தட்டினால் உலோகம்போல ஒலிக்கும். புகை மிகக் குறைவு. வெப்பம் நெடுநேரம் சீராக நிற்கும். காட்டை மொட்டையடிக்காமல், முற்றிய கிளைகளை மட்டும் வெட்டி இளங்கிளைகளை வளரவிடுவது அவ்வூர் முறை. மினாபே–தனாபே வேளாண் முறை 2015-இல் உலக வேளாண் மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டபோது, இந்தக் காட்டுப் பராமரிப்பும் அதில் சேர்ந்தே மதிக்கப்பட்டது.

நரிக்குடியின் கரிக்கு இப்படிப் பெயர் சூட்ட யாரும் வரவில்லை. திருச்சுழி வட்டத்து நரிக்குடி ஒன்றியம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லையேல் மிளகாயும் பருத்தியும் சிறுதானியமும். அந்த மழையும் பொய்த்த இடத்தில் நின்றது சீமைக் கருவேலம். அமெரிக்கக் கண்டத்து மரமான இது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், 1870-களில், விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாகச் சென்னை மாகாணத்தில் விதைக்கப்பட்டது. பழைய இராமநாதபுரம் மாவட்டம் முழுக்கக் கண்மாயிலும் தரிசிலும் பரவியது. 1985-இல் விருதுநகர் தனி மாவட்டமானபோது, இந்தப் பக்கத்தில் வேலை இல்லாத மாதங்களின் கூலி இந்தக் கருவையைக் கரியாக்கும் மூட்டத்திலிருந்துதான் பலருக்கு வந்துகொண்டிருந்தது.

மூட்டம் போடுவது எளிய வேலை இல்லை. தூரும் பருமனான கட்டையும் நடுவில், சிறுகட்டைகள் சுற்றிலுமாகக் குவித்து அடுக்கி, இலைதழையோ வைக்கோலோ பரப்பி, அதன் மேல் மண் பூசுகிறார்கள். தீ வைத்தபின் பல நாள் இரவும் பகலும் காவல். எங்கேனும் மண் வெடித்துக் காற்று புகுந்தால் கட்டை சாம்பலாகிவிடும். உடனே அடைக்க வேண்டும். வெண்புகை மெலிந்து நீலம் பாரிப்பதைப் பார்த்து, உள்ளே வெந்துவிட்டதை அறிகிறார்கள். பிறகு தண்ணீர் ஊற்றி ஆற்றி, கரியைப் பிரித்து மூட்டை கட்டுகிறார்கள். நாலைந்து கிலோ விறகு வெந்தால் ஒரு கிலோ கரி தேறும். புகையும் கரித்தூளும் முதலில் இறங்குவது இவர்கள் நெஞ்சில். இந்தக் கைத்திறனை வாகயாமா மாநிலம் தன் மரபுச் சொத்தாகப் போற்றுகிறது. நம் ஊரில் அது கூலி வேலை.

மரத்தைப் பற்றிய வழக்கும் நியாயமானதே. நிலத்தடி நீரையும் மேய்ச்சல் நிலத்தையும் இது பாழாக்குகிறது என்ற முறையீட்டின் பேரில் 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதை அகற்ற உத்தரவிட்டது. அதே ஆண்டிலேயே அந்தப் பணி இடைக்காலமாக நிறுத்தப்பட்டது. கண்மாய்க்குள் நிற்கும் கருவையை வேரோடு எடுக்கத்தான் வேண்டும். இதில் எனக்கு ஐயம் இல்லை. எடுத்த கட்டையும் தூரும் எந்தத் தரத்துக் கரியாகின்றன என்பதே இங்கே பேச வேண்டியது. இதே பேரினத்து மெஸ்கீட் மரக் கரியில் சுட்டதை அமெரிக்க டெக்சஸ் உணவகங்கள் பெயர் சொல்லி விற்கின்றன. 2004-இல் சீனா மரக்கரி ஏற்றுமதியைத் தடை செய்தபின், ஜப்பானுக்கு வெள்ளைக் கரி அனுப்பும் நாடுகளில் ஒன்றாக லாவோஸ் வளர்ந்தது. அடர்ந்த மரமும் கற்றுக்கொண்ட கையும் இருந்தால் வழி திறக்கும் என்பதற்கு லாவோஸ் சான்று.

நரிக்குடிக் கரியோ இன்னும் தரம் பிரிக்கப்படாமல் வெறும் மூட்டைக் கரியாகவே ஊர் தாண்டுகிறது. தமிழ்நாட்டு நகரங்களில் கரித்தணல் உணவகங்கள் பெருகிவரும் இந்தக் காலத்தில், வனத்துறையும் வேளாண் பல்கலைக்கழகமும் மூட்டக்காரர்களோடு உட்கார்ந்து மூன்று காரியங்களைத் தொடங்க வேண்டும்: கருவைக் கட்டையில் வெள்ளைக் கரி எடுக்கும் சோதனை, புகை குறைந்த சூளை, மூட்டையின் மேல் ஊர்ப்பெயர். கரியில் சுட்ட உணவை விரும்பும் வாசகர்கள், கடையில் இறைச்சியைப் பற்றி விசாரிக்கும்போது கரி எந்த ஊரிலிருந்து வருகிறது என்றும் கேளுங்கள்.