அதிரும் பலகையும் ஆட்டின் என்பும்

நெடுந்தூரம் வண்டியில் குலுங்கி வந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குவதையே நாம் கண்டிருக்கிறோம். ஆயின், அக்குலுக்கலால் உடல் தேறிற்று என்று கூறிய நோயாளரும் இருந்தனர். பாரிஸ் நகரின் சல்பெத்ரியேர் மருத்துவமனையிலே பணியாற்றிய சார்க்கோ என்னும் நரம்பு வைத்தியரிடம், நடுக்குவாதத்தால் வருந்தியோர் சிலர், புகையிரதத்திலோ குதிரை வண்டியிலோ நெடும்பயணஞ் செய்தபின் தம் உபாதை தணிந்ததாகச் சொன்னார்கள். அவர் அதனை நகைத்துத் தள்ளவில்லை. அதிரும் நாற்காலியொன்றைச் செய்வித்து, நோயாளரை அதில் இருத்திப் பார்த்து, 1892ஆம் ஆண்டில் அதுபற்றி விரிவுரையும் ஆற்றினார். மறுவருடமே அவர் காலமானார். நாற்காலியும் பெரும்பாலும் மறக்கப்பட்டது.

அதே 1892இல் பேர்லினில் யூலியஸ் வுல்ஃப் என்னும் அறுவை வைத்தியர் ஒரு நூலை வெளியிட்டார். என்பு கல்லைப்போல் மாறாது கிடக்கும் பொருளன்று. தன்மீது விழும் பாரத்துக்கேற்பத் தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்வது என்பதே அதன் சாரம். அதிர்வு பற்றிய எண்ணமும் என்பு பற்றிய எண்ணமும் ஓர் ஆட்டுப்பட்டியிலே கைகோக்கும் என்று அவ்விருவரும் கனவிலும் கருதியிரார்.

நியூயோர்க் மாநிலத்து ஸ்ரோனி புரூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிளின்ரன் ரூபினும் அவருடைய கூட்டாளிகளும் வளர்ந்த செம்மறியாடுகளின் பின்னங்கால்களை அதிரும் பலகையொன்றின்மீது நிற்கச் செய்தனர். நாளொன்றுக்கு 20 நிமிடம். நொடிக்கு 30 அதிர்வு. அதன் வலிமையோ புவியீர்ப்பின் பத்தில் மூன்று பங்கே. இவ்வாறு ஓராண்டு சென்றது. தொடையென்பின் மேற்பகுதியிலுள்ள பஞ்சுபோன்ற என்பின் அடர்த்தி, அதிர்வு பெறாத ஆடுகளினதைவிட 34.2 சதவீதம் மிகுந்திருந்ததாக 2001இல் அவர்கள் அறிவித்தனர். நாம் அசையாது நிற்கும்போதும் தசைகள் நுண்ணியதாய் அதிர்ந்துகொண்டே இருக்கின்றன. முதுமையில் அது குன்றுகிறது. அக்குறையைப் பலகை நிரப்பக்கூடும் என்பது ரூபினின் கருத்து. 2007இல் அக்குழுவினரே எலிகளிடத்தும் சோதித்து, நாளொன்றுக்கு 15 நிமிட அதிர்வால் கொழுப்புச் சேர்வது ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைந்ததென்றனர்.

ஊன்றாமல், ஓடாமல், வெறுமனே நின்றாற் போதும் என்றால் வாங்குவோருக்குப் பஞ்சமா? பலகைகள் சந்தைக்கு வந்தன. ஆயின் ஆடு வேறு, மூதாட்டி வேறு. கனடாவின் ரொறன்ரோ நகரில், மாதவிடாய் நின்ற 202 பெண்களைக்கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2011இல் வெளிவந்தது. அவர்களுட் சிலர் ஓராண்டு முழுதும் நாடோறும் 20 நிமிடம் பலகையில் நின்றனர். அவர்களது என்பின் அடர்த்தி, நில்லாதோருடையதினும் கூடவில்லை.

இதைக்காட்டிலும் என்னை வியப்பில் ஆழ்த்தியது, அந்நாட்டு ஒன்ராறியோ மாகாணத்து லண்டன் நகரில் எலிகளிடம் செய்யப்பட்ட சோதனையே. அதன் விவரம் 2015இல் அச்சேறியது. நாளொன்றுக்கு 30 நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், நான்கு வாரம் அவ்வெலிகள் அதிர்வுக்குள்ளாயின. நொடிக்கு 45 அதிர்வு. வலிமையோ ஆடுகளுக்கு இட்ட அதே அளவு. எலியின் ஆயுள் ஏறக்குறைய இரண்டாண்டு என்பதால், நான்கு வாரம் அதற்கு அற்பகாலமன்று. முடிவில் அவற்றின் முள்ளந்தண்டு வட்டுகளும் முழங்காற் குருத்தெலும்பும் சிதையத் தொடங்கியிருந்தன. அடர்த்தியை மட்டும் அளந்த கண்ணுக்கு மூட்டின் தேய்வு புலப்படாதன்றோ? ஆட்டின் தொடையென்பைப் போற்றியவர்கள் அதன் முழங்காலையும் அறுத்துப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.