சக்கரத்தில் அடைத்த காற்று

மனிதன் சக்கரத்தைக் கண்ட காலந்தொட்டு அதற்கும் வீதிக்கும் இடையே ஓயாத வழக்கொன்று நடந்து வந்திருக்கிறது. சக்கரம் கடினமாயிருந்தால் கல்வீதியில் உடலை உலுக்கும். மணல்வீதியில் புதைந்து நிற்கும். மிக மெதுவாயிருந்தாலோ வண்டியைச் செலுத்துபவனின் வலிமையை விழுங்கும். இவ்வழக்கைப் பெரும்பாலும் தீர்த்து வைத்தது காற்று. ஆயின் எவ்வளவு காற்று என்னும் கேள்வி இன்னும் தீர்ந்தபாடில்லை. மன்னார்த் தீவிலும் அதன் எதிர்க்கரையிலும் துவிச்சக்கர வண்டியை நம்பி வேலைக்கும் பாடசாலைக்கும் செல்வோர் நாள்தோறும் இக்கேள்விக்கு விடை கூறியே வீட்டை விட்டுப் புறப்பட வேண்டியிருக்கிறது.

காற்றுச் சக்கரத்தை முதலிற் கண்டவர் ஸ்கொத்லாந்து தேசத்தவரான றொபேட் வில்லியம் தொம்சன் என்னும் பொறியியலாளர். 1845ஆம் ஆண்டில் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். இறப்பர் ஊட்டிய துணியாற் செய்த குழாயில் காற்றை நிரப்பி, அதன் மேல் தோலுறை போர்த்து, குதிரை வண்டிகளின் சக்கரங்களில் அவர் பூட்டினார். வண்டிகள் ஓசையின்றி ஓடின. குதிரையின் உழைப்பும் குறைந்தது. எனினும் செலவு மிகுதியாயிருந்தமையாலும், ஏற்ற வண்டி அன்று இல்லாமையாலும், உலகம் அதனை மறந்துவிட்டது.

நாற்பது ஆண்டுகளுக்குப் பின் பெல்பாஸ்ற் நகரில் மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொய்ட் டன்லொப், தம் மகனுடைய முச்சக்கர வண்டி கற்பாவிய வீதியில் குலுங்காது ஓடுவதற்கு வழி தேடினார். தொம்சனின் முயற்சியை அவர் அறியார். மெல்லிய இறப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தைச் சுற்றிக் கட்டினார். 1888ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தொம்சன் முந்திவிட்டமையால் அவ்வுரிமை பின்னர் செல்லாததாயிற்று. 1889ஆம் ஆண்டு மே மாதம் பெல்பாஸ்ற் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் நடந்த ஓட்டப் போட்டிகளில் வில்லி ஹியூம் என்பவர் அப்பருத்த சக்கரங்கள் பூட்டிய வண்டியில் வந்து வெற்றி மேல் வெற்றி பெற்றார்.

இவ்வெற்றியில் ஒரு பாடம் உண்டு. டன்லொப் நாடியது வேகமன்று, மகனின் சுகமே. ஆயினும் சுகத்தோடு வேகமும் தானே வந்து சேர்ந்தது. கடினமான சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் வண்டியையும் மனிதனையும் மேலே தூக்கிப் போடுகிறது. அதில் வீணாகும் வலிமை மிதிப்பவனுடையது. காற்றுச் சக்கரமோ கல்லைத் தன்னுள் வாங்கிக் கொண்டு, மற்றைய பாரத்தைத் தூக்காமலே கடந்து செல்கிறது. இணங்கிக் கொடுப்பதுதான் அதன் வலிமை.

1891ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்து மிஷெலின் சகோதரர் கழற்றி மாட்டக்கூடிய ரயரை ஆக்கினர். அதே ஆண்டில் பாரிஸிலிருந்து பிறெஸ்ற் சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்ப் போட்டியில் அந்த ரயருடன் சார்ல்ஸ் தெரோன் வென்றார். இவ்வளவு ரயருக்கும் இறப்பர் எங்கிருந்து வருவது? அதற்கு விடையளித்த நாடுகளுள் இலங்கையும் ஒன்று. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிறேசிலிலிருந்து கொணர்ந்த வித்துகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றுள் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அவ்வாண்டிலேயே இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. மழைநாட்டு மரத்தின் பால் இவ்வாறு மழை குறைந்த மன்னாரின் மணலையும் தொட்டது.

மன்னாரின் நிலம் மேடுபள்ளம் அற்றது. மிதிவண்டிக்கு இதனினும் ஏற்ற நிலம் அரிது. ஆயின் மணலும் காற்றும் உப்பும் அங்கே எதிர்நிற்கின்றன. 1914ஆம் ஆண்டில் தலைமன்னார் வரை புகையிரதம் வந்தது. 1930ஆம் ஆண்டில் தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் வீதிப் பாலம் அமைந்தது. பிரித்தானியாவிலிருந்து றலி, ஹம்பர் முதலிய வண்டிகள் வடபுலம் எங்கும் பரவிய காலத்தில், 28 அங்குலச் சக்கரமும் ஒன்றரை அங்குல அகல ரயரும் கொண்ட வண்டியே பெரியோர்க்குரிய வண்டியாயிற்று. கிரவல் வீதிக்கும் பனங்கூடலூடே செல்லும் மணற்பாதைக்கும் அவ்வகலம் பொருந்தியது.

1990ஆம் ஆண்டில் பாலம் போரில் தகர்ந்தது. வடக்குக்குச் செல்லும் எரிபொருளும் கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. அவ்வாண்டுகளில் விறகும் நெல்லும் மீனும் நோயாளியும் துவிச்சக்கர வண்டியின் கரியரில் ஏறினர். ஒருவருக்கென ஆக்கிய சக்கரம் ஒரு குடும்பத்தைச் சுமந்தது. 2010ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் புதிய பாலம் திறக்கப்பட்டது; வீதிகளும் தார் பூசி அகலமாயின. 2022ஆம் ஆண்டில் நாடெங்கும் எரிபொருள் தட்டுப்பட்டு, யூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற நிலை வந்தபோது, மூலையிற் சாத்திய வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தன. அவற்றுக்கு முதலில் வேண்டியிருந்தது காற்றேயாம்.

அக்காற்றின் அளவை எதைக் கொண்டு துணிவது? கணக்கு எளியது. 70 கிலோகிராம் நிறையுள்ள ஒருவர் 20 கிலோகிராம் நிறையுள்ள வண்டியில் அமர்ந்தால், மொத்தப் பாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு, அதாவது 54 கிலோகிராம், பின்சக்கரத்தின் மேல் விழும். ரயரின் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 50 இறாத்தலாயின், அப்பாரத்தைத் தாங்க ஏறத்தாழ 15 சதுர சென்ரிமீற்றர் ரயர் நிலத்தில் படிய வேண்டும். 70 இறாத்தலாயின் 11 சதுர சென்ரிமீற்றர் போதும். 30 இறாத்தலாயின் 25 வேண்டும். நிலத்தில் படியும் பரப்பு சுருங்கினால் வண்டி தார்வீதியில் துள்ளும், மணலில் இறங்கும். பரப்பு மிகப் பெருகினால் மிதிப்பது பாரமாகும். குழியில் விழும்போது றிம்முக்கும் கல்லுக்கும் இடையே ரியூப் நசுங்கி இரண்டு துளை படும்.

அமெரிக்கரான பிராங்க் பெர்ட்டோ என்பவர் பல ரயர்களை அளந்து ஒரு நடுவழியைக் காட்டினார். வண்டியில் ஏறி அமரும்போது ரயரின் உயரம் நூற்றுக்குப் பதினைந்து பங்கு தாழ்வதே தக்கது என்பது அவர் துணிபு. ஒன்றரை அங்குல ரயருக்கு அது ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். மேற்கூறிய நிறையுடையவர்க்கு முன்சக்கரத்தில் 35 இறாத்தலும் பின்சக்கரத்தில் 50 இறாத்தலும் அண்ணளவாக இதைத் தரும். இரு சக்கரத்துக்கும் ஒரே அளவு அடிப்பது, பாரம் ஒரே அளவாக இல்லாதபோது பொருந்தாது.

பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பது நெடுநாள் வழக்கம். ஆயின் ரயரின் பக்கச் சுவர் தடித்திருந்தால் காற்றுக் குறைந்த ரயரும் விரலுக்கு வன்மையாகவே தோன்றும். பழைய வால்கட்டையின் உள்ளேயுள்ள இறப்பர்க் குழல் காற்றை உள்ளே விட்டு வெளியே விடாது அடைப்பது. அதனால் அமுக்கமானியும் அதிற் சரியான அளவைக் காட்டாது. ஒருவரை வண்டியில் அமர்த்தி, மற்றொருவர் பின்சக்கரம் நிலத்தில் படியும் இடத்தை நோக்குவதே செலவில்லாத சோதனை. சிறிது பிதுங்க வேண்டும், மடியலாகாது.

வெயிலில் நிறுத்தினால் ரயர் வெடிக்கும் என்னும் அச்சமும் பெரிதுபடுத்தப்பட்டதே. 50 இறாத்தல் அமுக்கமுள்ள ரயர் 30 பாகை செல்சியசிலிருந்து 60 பாகைக்குச் சூடேறினாலும் அமுக்கம் ஏறத்தாழ 6 இறாத்தலே கூடும். வெயில் செய்யும் கேடு வேறு: அது இறப்பரை வெடிப்புறச் செய்யும், ஒட்டுப் போட்ட இடத்தை நெகிழ்விக்கும். நலிந்த ரயர்தான் வெடிக்கிறது. எனவே காற்றைத் திறந்து விடுவதிலும் நிழல் தேடுவது நன்று.

மன்னாரில் ஒருநாட் பயணத்திலேயே வீதி மாறுகிறது. தாம்போதியில் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தூரம் ஒதுங்க மறைவில்லை. சோழகக் காற்று வீசும் மாதங்களில் அங்கே மிதிப்பது கடலோடு மல்லாடுவது போன்றது. தார் மழமழப்பாயுள்ள அவ்விடத்தில் காற்றுக் குறைந்த ரயர் இரண்டாம் எதிரியாகும். பேசாலையின் கரையோர மணலிலோ, சற்றுத் தளர்ந்த ரயரே உதவும். பத்து இறாத்தல் குறைத்தால் வண்டி புதையாது மெல்லச் செல்லும், தார் ஏறியதும் மீள அடிக்க வேண்டும். மீன்பெட்டி கட்டியவர் பின்சக்கரத்துக்குப் பத்துப் பதினைந்து இறாத்தல் கூட்டலாம். ரயரின் பக்கத்திற் பொறித்த உச்ச அளவை மீறலாகாது. பாடசாலைப் பிள்ளைக்குத் தந்தையின் அளவு வேண்டியதில்லை. இரும்பு போலக் காற்றடித்துக் கொடுத்தால், குலுங்கும் வண்டி சிறிய கைகளுக்கு அடங்காது.

தொம்சனும் டன்லொப்பும் சக்கரத்துள் காற்றை அடைத்தது அதனை மீண்டும் கல்லாக்குவதற்கன்று. சுமப்பவர் யார், சுமை எவ்வளவு, வீதி எது என்று கேட்ட பின்பே பம்பைக் கையில் எடுப்பவர், அவர்கள் கண்ட பயனை முழுமையாகப் பெறுவர். அதற்குச் செலவாவது இரண்டு நிமிட நேரமும் சிறிது கை உழைப்புமே.