மறைமலை நகரும் வராத மின்சாரக் காரும்

"டாக்டர், ஃபோர்டு திரும்ப வர்றாங்களே, அப்படியே எலக்ட்ரிக் காரையும் அறிவிச்சிடுவாங்களா?"

இந்தக் கேள்வி எனக்குப் புதுசு இல்ல. சுகர் ரிசல்ட்டைக் கையில வெச்சுக்கிட்டே கேட்டிருக்காங்க, ஈ.சி.ஜி. எடுக்கப் படுத்துக்கிட்டே கேட்டிருக்காங்க. கார் கம்பெனி விசயத்துல வைத்தியருக்கு என்ன வேலைன்னு நீங்க நினைக்கலாம். ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி நோயாளி பார்க்கிற யாரையாவது கேட்டுப் பாருங்க. கூடுவாஞ்சேரியிலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் பாதிப் பேரோட பிரஷர், கார் கம்பெனி அறிவிப்புகளோட சேர்ந்துதான் ஏறி இறங்குது.

நோயாளி வந்து உட்கார்ந்ததும் நாங்க முதல்ல கேட்கிறது "எப்போலேருந்து?" என்பதுதான். அதனால அங்கேருந்தே தொடங்குறேன். திரெட் நீளம், டீ எடுத்து வெச்சுக்கோங்க.

மறைமலை நகர், சென்னையின் துணை நகரமாகத் திட்டமிட்டுக் கட்டப்பட்ட ஊர். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை மறைமலை அடிகள் பெயரை வைத்தார்கள். வேதாசலம் என்ற தன் பெயரையே மறைமலை என்று மாற்றிக்கொண்டவர் அவர். அவர் பெயர் கொண்ட ஊரில் நாங்க பேசுறது எல்லாம் ஷிஃப்ட், ஓ.டி., வெண்டர், லே-ஆஃப், செட்டில்மென்ட். அடிகள் மன்னிக்கட்டும்.

1995இல் மஹிந்திராவும் ஃபோர்டும் பாதிக்குப் பாதி சேர்ந்து மஹிந்திரா ஃபோர்டு இந்தியா என்று ஒரு கம்பெனி தொடங்கின. முதல் காரான எஸ்கார்ட் நாசிக்கில்தான் தயாரானது. 1998இல் ஃபோர்டு தன் பங்கை 72 சதவீதமாக உயர்த்தி, பெயரையும் ஃபோர்டு இந்தியா என்று மாற்றியது. 1999 கடைசியில் மறைமலை நகரிலிருந்து ஐகான் வந்தது. அப்புறம் ஃபியஸ்டா, ஃபிகோ, ஈகோஸ்போர்ட், எண்டெவர். ஒரு தலைமுறையே இந்த ஆலையை நம்பி வீடு கட்டிச்சு, பிள்ளைகளை இன்ஜினியரிங் சேர்த்துச்சு.

மின்சாரக் கார் பேச்சு எப்போ தொடங்குச்சு? பலரும் 2022ன்னு சொல்வாங்க. அதுக்கு முன்னாடியே ஒரு விதை விழுந்திருக்கு. 2018 மார்ச்சில் மஹிந்திராவும் ஃபோர்டும் மறுபடி கைகுலுக்கி ஐந்து புரிந்துணர்வு ஒப்பந்தங்கள் போட்டன. அதில் ஒன்று, சேர்ந்து ஒரு சின்ன மின்சாரக் கார் செய்யலாமா என்று பார்ப்பது. 'செய்யலாமா' என்ற அந்தச் சொல்லைக் கவனிங்க. உடனே ஆஸ்பயர் எலக்ட்ரிக் வருதுன்னு ஊரெல்லாம் பேச்சு. 2019 அக்டோபரில் கூட்டு நிறுவனம் என்று பெரிய மேடை போட்டு அறிவித்தார்கள். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அந்தப் பேச்சு முடிந்தது. கார் வரவே இல்லை.

2021 செப்டம்பர் 9. இந்தியாவில் கார் தயாரிப்பதை நிறுத்துகிறோம் என்று ஃபோர்டு அறிவித்தது. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று கணக்குச் சொன்னார்கள். ஆண்டுக்கு 2 லட்சம் கார், 3.4 லட்சம் இன்ஜின் செய்யக்கூடிய ஆலை. சுமார் 2,600 தொழிலாளர்கள். இது கேட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் கணக்கு மட்டும். சீட் தைப்பவர், வயரிங் கட்டுபவர், கேன்டீன், பஸ், வாடகை வீடு, மெஸ் நடத்துற அக்கா, இவங்க எந்தக் கணக்குலயும் வரமாட்டாங்க.

இப்போ கதையில முக்கியமான இடம்.

2022 பிப்ரவரியில் மத்திய அரசு, உற்பத்தியோடு இணைந்த ஊக்கத்தொகைத் திட்டத்துக்குத் தேர்வான வாகன நிறுவனங்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் ஃபோர்டு பெயர் இருந்தது. இந்திய ஆலை ஒன்றை மின்சாரக் கார் ஏற்றுமதித் தளமாகப் பயன்படுத்த முடியுமா என்று ஆராய்வதாகக் கம்பெனியும் சொன்னது. அவ்வளவுதான், ஊர் பத்திக்கிச்சு. மஸ்டாங் மாக்-ஈ இங்கேதான் தயாராகுமாம், பழைய ஆளுங்களையே திரும்ப எடுப்பாங்களாம், ட்ரெயினிங்குக்கு ஆள் அனுப்புறாங்களாம். வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு நாளும் ஒரு 'உறுதியான தகவல்'.

அந்த மார்ச் மாதம் ஒருத்தர் வந்தார். அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன். நாற்பதைத் தாண்டியவர், ஒரு வெண்டர் கம்பெனி ஆள், எட்டு வருசமா சர்க்கரை. கம்பெனி இன்சூரன்ஸ் போயிடுச்சு, அதனால மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுட்டு இருந்தார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வேலை வந்திருக்கு, சம்பளம் கொஞ்சம் கம்மி, போகலை. ஏன்னு கேட்டேன். "எலக்ட்ரிக் கார் வந்துரும் சார். கவர்மென்ட் லிஸ்ட்லயே பேர் வந்துருச்சு. ஒரு ரெண்டு மாசம் சமாளிச்சுட்டா போதும்."

அவரை நான் குறை சொல்லமாட்டேன். பட்டியலில் பெயர் வருவது என்றால் என்னவென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. முதலீடு செய்து, வண்டி செய்து, விற்றுக் காட்டினால் ஊக்கத்தொகை வாங்கும் தகுதி உண்டு, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். ஓ.பி. சீட்டு வாங்கிட்டா ஆபரேஷன் முடிஞ்சுடுச்சுன்னு ஆகுமா? செய்தி சொன்னவங்க யாரும் இதை விளக்கல. எனக்கே அன்னைக்கு இது தெரியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். "நல்லது நடக்கும்"னு தோளைத் தட்டித்தான் அனுப்பினேன்.

மே 12ஆம் தேதி ஃபோர்டு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. மாதக் கடைசியில் கூடுதல் இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஜூனில் அவர் மறுபடி வந்தார், காலில் ஆறாத புண்ணோடு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 300ஐத் தாண்டியிருந்தது. ஸ்ரீபெரும்புதூர் வேலை வேற ஒருத்தருக்குப் போயிருந்தது. ஜூலையில் கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. மாலை போட்டு, படம் எடுத்து, கேட்டை மூடினார்கள்.

இங்கேதான் எனக்கு ஒரு விசயம் உறைக்குது. ஊர் முழுக்க மறைமலை நகர் கேட்டையே பார்த்துட்டு இருந்த அதே மாதங்களில், நிஜமான மின்சாரக் கார் வேலை சில கிலோமீட்டர் தெற்கே நடந்துட்டு இருந்துச்சு. சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, பரனூர் டோல்கேட் பக்கம், மஹிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் மஹிந்திரா ரிசர்ச் வேலி. அங்கே வரைந்து செய்ததைச் செய்யூரில் 454 ஏக்கர் சோதனைத் தடத்தில் ஓட்டிப் பார்த்தார்கள்.

செய்யூர் என்றதும் எனக்கு வேறொரு ஞாபகமும் வரும். அங்கே 4,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் வருவதாகப் பல வருடம் பேச்சு. பனையூரில் நிலக்கரிக்கென்று துறைமுகம், உப்பளமும் காயலும் நாசமாகும் என்று மக்கள் எதிர்ப்பு, டெண்டர், ரத்து. கடைசியில் வரவே இல்லை. நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுக்கப் போகிறோம் என்று அறிவித்த ஊரில் இன்னைக்கு பேட்டரி கார் சத்தமில்லாம சுத்துது. இதை யாராவது முன்கூட்டியே ஊகிச்சிருந்தா அவங்க காலைத் தொட்டுக் கும்பிடுவேன்.

ஈ.சி.ஆரில் வண்டி ஓட்டுறவங்களுக்குத் தெரியும். கறுப்பு வெள்ளைச் சுழி ஸ்டிக்கர் ஒட்டி, முகம் மூடின கல்யாணப்பொண்ணு மாதிரி ஒரு கார் போகும். பின்னாடி பைக்கில் நம்ம பசங்க போனோட துரத்துவாங்க. அவங்க பார்க்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: பின்னாடி புகைக்குழாய் இருக்கா? இல்லைன்னா எலக்ட்ரிக். எனக்குப் பிடிச்ச ஊகம் இதுதான். வயித்துல கை வெச்சு அமுக்கிப் பார்க்கிற மாதிரி. நோயாளி சொல்றது ஒரு பக்கம், கைக்குத் தட்டுப்படுறது இன்னொரு பக்கம்.

ஏன்னா கம்பெனி சொல்றதே மாறும். 2022 ஆகஸ்ட் 15 அன்று இங்கிலாந்தில் மஹிந்திரா ஐந்து மின்சார மாடல்களைக் காட்டியது. முதலில் எக்ஸ்.யூ.வி. இ8, 2024 டிசம்பரில். அப்புறம் இ9. பி.இ. 05 அதுக்கும் பிறகு, 2025 அக்டோபரில். இது கம்பெனியே சொன்ன வரிசை. 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் மேடை ஏறியவை எவை? பின்னால் வரவேண்டிய அந்த ரெண்டும்தான், எக்ஸ்.இ.வி. 9இ, பி.இ. 6இ என்ற புதுப் பெயர்களில். முதலில் வரவேண்டியது ஒரு வருடம் கழித்து, எக்ஸ்.இ.வி. 9எஸ் என்று வந்தது. 6இ என்ற பெயருக்கும் இண்டிகோ விமானக் கம்பெனி நீதிமன்றம் போக, சில நாட்களுக்குள் அது பி.இ. 6 ஆகிவிட்டது. பெயர் மாற்றம் நம்ம பக்கத்து மண்ணுக்குப் புதுசா என்ன!

விலை 18.90 லட்சத்தில் தொடங்கியது. 2025 பிப்ரவரி 14 அன்று ஒரே நாளில் 30,179 பேர் பதிவு செய்ததாகக் கம்பெனி சொன்னது. செங்கல்பட்டில் பிறந்து செய்யூரில் நடை பழகிய வண்டி. ஆனா தயாராவது எங்கே? மகாராஷ்டிராவில், புனே பக்கம் சாக்கனில். கார் ஆர்வலர்கள் பேட்டரி எவ்வளவு, ரேஞ்ச் எவ்வளவுன்னு மாசக்கணக்கா ஊகிச்சாங்க. எங்க ஊர் ஆளுங்களுக்குத் தேவைப்பட்டது 'எந்த ஊர் கேட்' என்ற ஒரு பதில்தான். அதை ஊகிக்க யாரும் மெனக்கெடலை.

சரி, செங்கல்பட்டு மாவட்டத்தில் மின்சாரக் காரே தயாராகலையா? தயாராகுது! அதே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் பி.எம்.டபிள்யூ. ஆலை இருக்கு. 2025 ஜனவரியில் அவர்கள் அறிமுகப்படுத்திய ஐஎக்ஸ்1 லாங் வீல்பேஸ் இங்கே தயாராகும் மின்சாரக் கார். அறிமுக விலை 49 லட்ச ரூபாய். வாட்ஸ்அப் புரளி கிடையாது, ஊரில் யாரும் காத்திருக்கவும் இல்லை. வந்தே விட்டது. அதை வாங்குற நிலையில என் நோயாளிகள் இல்ல, நானும் இல்ல. அது வேற கதை.

மாமல்லபுரத்தையும் இதில் விட முடியாது. 2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் ஐந்து ரதங்களின் முன்னால் நின்று இளநீர் குடித்தார்கள். சீன முதலீடு தமிழ்நாட்டில் கொட்டப் போகுதுன்னு அன்னைக்குப் பேசாதவங்க இல்லை. ஆறே மாதத்தில், 2020 ஏப்ரலில், எல்லை நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு மத்திய அரசின் முன்அனுமதி கட்டாயமானது. உலகத்திலேயே அதிக மின்சார வண்டி விற்கும் கம்பெனிகளில் ஒன்றான பி.ஒய்.டி. இங்கே பெரிய ஆலை போட முடியாமல் போனது அதனால்தான். அந்த ஐந்து ரதங்களையும் ஒருமுறை போய்ப் பாருங்க. ஏழாம் நூற்றாண்டில் ஒற்றைக் கல்லில் குடைந்தவை, முழுசா முடிக்கப்படாதவை. ரதம்னு பேர், ஒண்ணுக்குக்கூட சக்கரம் கிடையாது. பாண்டவர் பெயர்களும் பின்னாளில் மக்கள் வைத்தவைதான். பார்ப்பவர் ஊகித்துப் பெயர் வைக்கும் பழக்கம் இந்தக் கரையில் ரொம்பப் பழசு.

மறுபடி ஃபோர்டுக்கு வருவோம். 2023இல் ஆலையை விற்கப் போவதாகச் செய்தி, வருடக் கடைசியில் விற்கவில்லை என்று செய்தி. 2024இல் மாக்-ஈ பெயரை இந்தியாவில் டிரேட்மார்க் செய்ய விண்ணப்பம் என்று செய்தி. மறுபடி ஊர் பத்திக்கிச்சு. பெயருக்கு வேலி போடுவதும் ஆலைக்குப் பணம் போடுவதும் ஒண்ணான்னு ஒருத்தரும் கேட்கலை. 2024 செப்டம்பரில், முதல்வர் ஸ்டாலினின் அமெரிக்கப் பயணத்தை ஒட்டி, ஏற்றுமதிக்காக ஆலையைத் திறக்க விரும்புவதாக அரசுக்கு விருப்பக் கடிதம். என்ன செய்யப் போகிறார்கள் என்பது அதில் இல்லை. எலக்ட்ரிக்தான்னு பந்தயம் கட்டினவங்களை எனக்குத் தெரியும்.

2025 அக்டோபர் 31 அன்று விடை வந்தது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு 2.35 லட்சம் இன்ஜின், 600 பேருக்கு மேல் வேலை, உற்பத்தி 2029இல். கார் இல்லை. இன்ஜின்!

"ச்சே" என்றார்கள் கார் ஆர்வலர்கள். எனக்கு அப்படித் தோணல. இன்ஜினுக்கு வார்ப்பு, கடைசல், பிஸ்டன், வால்வு என்று ஆயிரம் சில்லறை வேலை உண்டு. மோட்டாரில் அவ்வளவு கிடையாது. லேத் பட்டறை வைத்திருப்பவருக்கு இது மின்சாரக் காரைவிட நல்ல செய்தியாகக்கூட இருக்கலாம். ஆனா 2,600 பேர் போன கேட் வழியா 600 பேர் உள்ளே வரப்போறாங்க, அதுவும் 2029இல். அன்னைக்கு நாற்பதைத் தாண்டியிருந்தவர் அப்போ ஐம்பதை நெருங்கிடுவார்.

இனி உங்க கேள்வி. அடுத்த அறிவிப்பில் மின்சாரக் கார் வருமா? என் கணிப்பு, 2029க்குள் மறைமலை நகரில் வாய்ப்பு ரொம்பக் குறைவு. ஃபோர்டு தன் புது மலிவு விலை மின்சார பிக்கப்பை அமெரிக்காவின் லூயிவில் ஆலையில் 2027இல் செய்யப் போவதாகச் சொல்லியிருக்கு. 2025 டிசம்பரில் மின்சார வண்டித் திட்டங்களைக் குறைத்து 1,950 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதியது. சொந்த ஊரிலேயே கை சுட்டுக்கிட்டவங்க இங்கே அவசரப்பட மாட்டாங்க. தப்பா இருந்தா 2029இல் இந்த திரெட்டைத் தேடி எடுத்து என்னைக் கிண்டல் பண்ணுங்க. சந்தோசமா வாங்கிக்கிறேன்.

என் நோயாளி? கால் புண் ஆறிடுச்சு, ஒரு விரல் போச்சு. இப்போ ஒரகடத்தில் வேலை. மாத்திரை தினமும் போடுறார். போன மாசம் செக்கப்புக்கு வந்தப்போ நானே வாய்விட்டுக் கேட்டேன், "2029இல் ஃபோர்டு கூப்பிட்டா போவீங்களா?" சிரிச்சார். "ஆர்டர் கையில குடுத்தா பாக்கலாம் சார்."

கடைசியா ஒண்ணு, ஈ.சி.ஆரில் ஸ்டிக்கர் ஒட்டின காரைத் துரத்தும் தம்பிகளுக்கு. புகைக்குழாய் இருக்கா இல்லையான்னு பார்த்து எனக்கும் சொல்லுங்க. ஆனா பின்னாடி உட்கார்ந்தவர் படம் எடுக்கட்டும், ரெண்டு பேரும் ஹெல்மெட் போடுங்க. போன வருசம் இப்படி துரத்தி விழுந்த ஒரு தம்பிக்கு நான்தான் தையல் போட்டேன். தாடையில ஆறு. போட்டோவும் ஆடிப் போச்சு.