எழுத மறுத்த கை

குர்லாவிலிருந்து ரயிலேறிக் கோட்டைப் பகுதி அலுவலகங்களில் எழுதிப் பிழைத்த நம்மவர்க்கு ஒருகாலத்தில் கையெழுத்தே சோறாயிருந்தது. அக்கை பேனாவைத் தொட்டவுடன் முறுக்கிக்கொண்டால்? அதே கை சோறு பிசையும், பூட்டைத் திறக்கும். எழுத மட்டும் மறுக்கும். அத்தகைய முதியவர் ஒருவரை வேலைக்கள்ளர் என்று நாமும் ஒருகாலத்தில் ஏசியதுண்டு.

இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸீனி 1713-இல் ஒரு நோட்டரியைப் பற்றி எழுதினார். வலக்கை ஓய்ந்ததும் அவர் இடக்கையால் எழுதப் பழகினார். பின்னர் அதுவும் ஓய்ந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கில அரசாங்கக் குமாஸ்தாக்களிடையே இந்நோய் காணப்பட்டபோது, புதிதாய் வந்த எஃகு முள்ளின்மீது பழி விழுந்தது. பாவம், அந்த முள்! பிறகு பழி நோயாளியின் மனத்தின்மீது தாவிற்று.

1911-இல் பெர்லின் மருத்துவர் ஆப்பன்ஹைம் ‘டிஸ்டோனியா’ என்னும் பெயரை வழங்கினார். எனினும், எழுத்தர் கைப்பிடிப்பும் அதன் ஒரு வகையே என்று ஷீஹியும் மார்ஸ்டனும் விளக்கியது 1982-இல்தான். தசையை ஏவும் மூளையின் ஒழுங்கிலேயே கோளாறு, சோம்பலில் அன்று.

முற்றும் தீர்க்கும் மருந்து இன்றும் இல்லை. நரம்பியல் மருத்துவர் இறுகும் தசையைத் தேர்ந்து போட்டுலினம் ஊசியிட்டால், ஏறக்குறைய மூன்று மாதம் பிடிப்புத் தளரும். பின் மீண்டும் இடவேண்டும். அளவு மிகுந்தால் விரல் சோரும். தடித்த பேனாவும் மாற்றுப் பிடியும் சிலருக்கு உதவுகின்றன. தட்டச்சுக்கு மாறியோரும் உளர். அந்த நோட்டரிக்கு அவ்வழி இருந்ததில்லை.