காவிரிக் கரையிலிருந்து ஓர் இரட்டை விண்மீன்

வைகாசி மாதக் கடைசி இரவுகளில், ஒன்பது மணியளவில், ஸ்ரீரங்கத்து அம்மா மண்டபப் படித்துறையில் நின்று தெற்கே நோக்கினால், அடிவானத்திற்குச் சற்று மேலே ஒளிமிக்க இரு விண்மீன்கள் தோன்றும். இடப்புறம் இருப்பது ஆல்ஃபா சென்டாரி. வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் அது உண்மையில் இரண்டு. அதனை முதலில் கண்டவர் தமிழ் மண்ணில் நின்றே கண்டார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

அவர் பிரெஞ்சு நாட்டுச் சேசு சபைக் குரு ழான் ரிஷோ. 1687ஆம் ஆண்டு பதினான்காம் லூயி மன்னர் சயாமுக்கு அனுப்பிய, கணிதமும் வானியலும் கற்ற குருக்களுள் ஒருவர். மறு ஆண்டே அங்குப் புரட்சி வெடித்தது, பிரெஞ்சுக்காரர்கள் வெளியேற்றப்பட்டனர். ரிஷோ புதுச்சேரி வந்து சேர்ந்தார். 1689 டிசம்பரில் வால்மீன் ஒன்றை நாள்தோறும் நோக்கி வந்தவர், தம் 12 அடித் தொலைநோக்கியை அந்த விண்மீன்பால் திருப்பினார். அது இரண்டாகப் பிரிந்து நின்றது. தேடியது ஒன்று, கிட்டியது வேறொன்று!

அதே குழுவில் சயாம் சென்று, அதே புதுச்சேரிக்கு வந்த இன்னொருவர் நம் திருச்சிப் பகுதிக்கு நன்கு அறிமுகமானவர்: ஆவூரில் ஆலயம் எழுப்பிய அருட்தந்தை பூஷே. தோழர் விண்ணை ஆராய, இவர் மண்ணை ஆராய்ந்து தென்னிந்தியாவுக்கு வரைபடம் வகுத்தார்.

இவற்றைப் படிக்கையில் பெருமை எழுவது இயல்பே. எனினும் உள்ளம் ஓரிடத்தில் தயங்குகிறது. ரிஷோ எழுதியது பிரெஞ்சு மொழியில். அது சென்றது பாரிசுக்கு. நம் மக்களை நோக்கி, வானில் நிகழவிருப்பதை அவர்தம் மொழிகளில் விளக்கிய ஒருவரைக் காண நாம் 185 ஆண்டுகளைக் கடந்து வரவேண்டியிருக்கிறது.

அவர் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளிக்கோள் கதிரவன் முகத்தைக் கடக்கவிருந்தபோது, அதனை விளக்கும் சிறு நூலை ஆங்கிலத்தோடு நாட்டு மொழிகள் பலவற்றிலும் வெளியிட்டார். கண்ணால் காண்பதோடு பஞ்சாங்கக் கணக்கு ஒத்துவர வேண்டும் என்றும் வாதிட்டார். வாக்கியமா, திருக்கணிதமா என்னும் வழக்கு ஸ்ரீரங்கத்துத் திண்ணைகளில் இன்றும் ஓய்ந்தபாடில்லை; அது வேறு கதை. என் மதிப்பில், ரிஷோவின் கண்டுபிடிப்பினும் ரகுநாதாச்சாரியின் சிறு நூலே நமக்கு நெருக்கமானது.

திருச்சியில் 1999இல் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் திறக்கப்பட்டது. அங்கே குவிமாடத்தில் காணும் வானத்தை வெளியிலும் காண விரும்புவோர்க்கு, ரிஷோவின் 12 அடிக் குழல் வேண்டுவதில்லை. பள்ளி மாணவர் கையாளும் சிறு தொலைநோக்கியே அவ்விரு சுடர்களையும் பிரித்துக் காட்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து பார்த்தால் திருச்சி நகர விளக்குகள் குறுக்கிடும். ஆவூர்ப் பக்கம் போவது நன்று. ஒன்றையொன்று சுற்ற அவற்றுக்கு ஏறத்தாழ 80 ஆண்டுகள் ஆகின்றன. ரிஷோ கண்ட நாள்முதல் நான்கு சுற்றுகள் முடிந்து, இப்போது ஐந்தாவது நடைபெறுகிறது.