கருகிய தாவர எச்சங்கள்

கருகிய தாவர எச்சங்கள் என்பன, பழங்காலத்தில் நெருப்பின் வெப்பத்தால் கரியாக மாறி, தொல்லியல் களங்களின் மண்ணில் அழியாது எஞ்சியிருக்கும் விதைகள், உமி, தண்டு, மரத்துண்டு முதலியவற்றைக் குறிக்கும். தொல்தாவரவியலின் முதன்மையான சான்றுகளுள் இவை அடங்கும். ஆயினும், விதையைக் காக்கும் அதே நெருப்பு அதன் வடிவத்தையும் மாற்றுகிறது. பலவற்றை முற்றாக அழித்தும் விடுகிறது. எனவே ஓரிடத்தில் கிடைத்த விதைகளின் பட்டியலை, அங்கு வாழ்ந்தோரின் உணவுப் பட்டியலாக அப்படியே கொள்ள இயலாது.

கரியாதல்

ஈர மண்ணில் விழும் விதை முளைத்துவிடும். அல்லது பூஞ்சை, பாக்டீரியா, பூச்சி ஆகியவற்றுக்கு இரையாகும். சாம்பலுக்குள் புதைந்தோ, குவியலின் அடியில் சிக்கியோ, போதிய ஆக்சிசன் இன்றிச் சூடாகும் விதை எரிவதில்லை; கருகுகிறது. நீர் வெளியேறியபின் மாவுச்சத்தும் புரதமும் சிதைந்து, கரிமம் மிகுந்த பொருளாகின்றன. நுண்ணுயிர்களால் இதை எளிதில் செரிக்க முடியாது. ஏறத்தாழ 200 முதல் 400 பாகை செல்சியசு வரையான வெப்பத்தில் சில மணி நேரத்தில் இம்மாற்றம் நிகழும். வெப்பமும் காற்றும் மிகுந்தால் சாம்பலே எஞ்சும்.

இவ்வாறு கருகியவை மிக நீண்ட காலம் நிலைக்கக்கூடியவை. இசுரேலில் கலிலேயக் கடலின் நீர்மட்டம் தாழ்ந்தபோது 1989 இல் வெளிப்பட்ட ஒகாலோ 2 என்னும் களத்தில், சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முந்திய கருகிய காட்டுத் தானியங்கள் கிடைத்தன.

வடிவ மாற்றம்

கோதுமை, வாற்கோதுமை போன்ற தானியங்கள் கருகும்போது நீளம் குறைந்து, அகலம் கூடி உப்புகின்றன. விரைவாகச் சூடானால், உள்ளிருக்கும் நீராவி தானியத்தைப் பொரி போல வெடிக்கச் செய்வதும் உண்டு. இதனால் உமியுடன் கூடிய எம்மர் கோதுமையின் மணி, உருண்டையான ரொட்டிக் கோதுமையின் மணி போலத் தோன்றி ஆய்வாளரை ஏமாற்றலாம். மணியை விட, உமியின் அடிப்பகுதியும் கதிர்த்தண்டின் கணுவும் கோதுமை வகையை உறுதியாகக் காட்டும். ஆனால், சீலா போர்டுமன், கிளினிசு யோன்சு ஆகியோர் 1990 இல் வெளியிட்ட சோதனைகளின்படி, நெருப்பில் முதலில் அழிவன மணிகள் அல்ல. மெல்லிய வைக்கோலும் உமிப் பகுதிகளுமே. அதாவது, அடையாளம் காணப் பெரிதும் உதவும் பகுதியே எளிதில் மறைந்துபோகிறது. சாம்பலில் எஞ்சும் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றன.

பயறுகளில் தோல் உரிந்து, பருப்பு இரண்டாகப் பிளந்துவிடும். தோலுடன் விதைத்தழும்பும் போய்விடுவதால், பருப்பின் உட்புறத்தில் பதிந்துள்ள முளைக்குருத்தின் நீளத்தைக் கொண்டு பாசிப்பயறும் உளுந்தும் பிரித்தறியப்படுகின்றன. பயறுகள் கருகும்போது 10 முதல் 20 விழுக்காடு வரை சுருங்கக்கூடும். விதை பெரிதாவது பயிராக்கத்தின் அறிகுறிகளுள் ஒன்றாதலால், இச்சுருக்கத்தைக் கணக்கிடாமல் அளந்தால் பயிரிடப்பட்ட பயறு காட்டுப் பயறாகத் தவறாகக் கருதப்படலாம்.

தென்னிந்தியப் புதிய கற்காலம் பற்றிய அறிவு பெரும்பாலும் இத்தகைய கருகிய எச்சங்களையே சார்ந்துள்ளது. கருநாடகத்தின் சங்கனக்கல்லு, அல்லூர் முதலிய இடங்களில் தோரியன் புல்லரும் பிறரும் ஆய்ந்த மாதிரிகளில் கொள்ளு, பாசிப்பயறு, சிறுதானியங்கள் ஆகியன காணப்பட்டன.

எஞ்சாதவை

எள், ஆளி போன்ற எண்ணெய் விதைகள் குறுகிய வெப்ப எல்லைக்குள் மட்டுமே முழுமையாகக் கருகுகின்றன. அதற்கு மேல் எண்ணெய் கசிந்து, வெடித்து, உருவிழக்கின்றன. அரப்பாவில் கருகிய எள் கட்டியாகக் கிடைத்தது நற்பேறு எனலாம். கீரைகள் கிடைப்பது அரிது. கிழங்குகள் உருத்தெரியாத கரித்துண்டுகளாகவே பெரும்பாலும் எஞ்சுகின்றன. எனவே ஒரு களத்தில் எள் கிடைக்கவில்லை என்பதால் அங்கு எள் இல்லை என்று கூற முடியாது.

நெருப்பை அடைந்த வழியும் கருதத்தக்கது. வறுக்கும்போது சிந்தியவை, அடுப்பில் கொட்டப்பட்ட உமி, தீப்பற்றிய களஞ்சியம் ஆகியவை மட்டுமே காரணமல்ல. வறட்டியை எரிபொருளாகப் பயன்படுத்திய இடங்களில், கால்நடைகள் தின்ற புல்விதைகளும் அடுப்புச் சாம்பலில் சேரும். மேற்காசியக் களங்கள் பற்றி நவோமி மில்லர் 1980களில் இதனை வலியுறுத்தினார். அடுப்பில் கிடைத்ததெல்லாம் மனிதர் சமைத்தது ஆகாது.

மீட்டெடுத்தலும் ஆய்வும்

அகழ்ந்த மண்ணை நீரில் கலக்கும்போது, இலேசான கரி மிதக்கும். அதனை நுண்சல்லடையில் வடித்து நிழலில் உலர்த்துவர். வெயிலில் விரைவாக உலர்த்தினால் வெடித்து நொறுங்கிவிடும். இம்மிதத்தல் முறை 1960களில் பரவலாயிற்று. அதற்கு முன் தோண்டப்பட்ட பல களங்களில், கண்ணில் பட்ட பெரிய விதைகள் மட்டுமே சேகரிக்கப்பட்டன.

முடுக்கிப் பொருண்மை நிறமாலையியல் மூலம் ஒற்றைத் தானியத்தையே கரிமம்-14 காலக்கணிப்புக்கு உட்படுத்தலாம். சில ஆண்டுகளே வாழும் பயிரின் விதை, நெடுங்காலம் வாழ்ந்த மரத்தின் கரியை விட நம்பகமான காலத்தைத் தரும். நிலத்திற்கு எரு இடப்பட்டதா என்பதை அறிய நைதரசன் ஓரிடத்தான்கள் அளக்கப்படுகின்றன. கருகுதலால் இவ்வளவு சிறிது உயர்வதால், 2015 இல் வெளியான ஓர் ஆய்வு ஆயிரத்திற்கு 0.31 பங்கைக் கழிக்கப் பரிந்துரைத்தது. கருகிய விதையிலிருந்து டி.என்.ஏ. கிடைப்பது மிக அரிது.